எத்தனை மணிக்கு? – அவசர ஊர்தியின் வரலாறு குறித்து ஒரு சிந்தனை

மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்குச் செல்வோர் அண்ணா சாலையைக் கடக்கும் பகுதி தேனாம்பேட்டை. அங்கே மக்கள் 'டி.எம்.எஸ்.' என்று சுருக்கமாக அழைக்கும் மருத்துவத் துறை வளாகம் இருக்கிறது. இன்று மெட்ரோ நிலையத்தின் பெயரிலும் அந்த மூன்றெழுத்து சேர்ந்துவிட்டது. அந்த வளாகத்திற்குள் இரவும் பகலும் ஓயாமல் தொலைபேசி ஒலித்துக்கொண்டிருக்கும் ஓர் அறை உண்டு. தேனி மாவட்டத்து மலையடிவாரத்தில் ஒரு பெண்ணுக்குப் பேறுகால வலி கண்டாலும், இராமநாதபுரத்துச் சாலையில் ஓர் இருசக்கர வண்டி சரிந்தாலும், அருகிலிருப்போர் 108 என்ற எண்ணை அழுத்தினால் அந்தக் குரல் முதலில் வந்து சேருமிடம் இதுதான்.

நாம் நாள்தோறும் கடந்து செல்லும் ஒரு கட்டடத்தில், நாம் கண்டிராத ஊர்களின் கூக்குரல் கேட்கப்படுகிறது. கேட்கப்படுவது மட்டுமன்று, ஓர் ஊர்தி புறப்படுகிறது. இது இன்று நமக்கு வியப்பாக இல்லை. குடிநீர்க் குழாயைப் போல, தபால் பெட்டியைப் போல, இதுவும் நம் வாழ்வில் ஒன்றாகிவிட்டது. ஆனால் என் தலைமுறையைச் சேர்ந்தவர்கள் இது இல்லாத நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். இல்லாத ஒன்று எப்படி உண்டாயிற்று என்று எண்ணிப் பார்ப்பது நன்று. அந்த வரலாற்றில் நம் மனச்சான்றுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

ஓர் இரவு

நான் குருப்பட்டம் பெற்ற புதிதில், 1990-களின் பிற்பகுதியில், செங்கல்பட்டுப் பக்கத்து ஊர் ஒன்றில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். அப்பகுதி அந்நாளில் நம் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அறுவடைக் காலம். ஒரு நாள் இரவு 11 மணி இருக்கும். மிதிவண்டியில் மூச்சிரைக்க வந்த சிறுவன் ஒருவன் கதவைத் தட்டினான். "சாமி, அக்காவுக்குப் புள்ள பொறந்துடுச்சு. ஆனா ரத்தம் நிக்கவே இல்ல. அம்மா உங்களைக் கையோட கூட்டியாரச் சொன்னாங்க" என்றான்.

நான் புனித எண்ணெயை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் அந்தப் பெண் கிடந்த நிலை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. குழந்தை அந்தி சாயும் வேளையில் பிறந்திருந்தது. உதிரப்போக்கு தானே நின்றுவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் காத்திருந்தனர். ஒன்பது மணிக்கு மேல்தான் அச்சம் வந்தது. கணவன் வண்டி தேடி ஓடினான். ஊரில் வண்டி இல்லை. பக்கத்து ஊர் அரிசி ஆலையின் வேன் வரும்போது நள்ளிரவு. தாலுகா மருத்துவமனையை அடைந்தபோது மருத்துவர் இல்லை; செலுத்துவதற்கு இரத்தமும் இல்லை. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும்படி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். விடிவதற்கு முன், மூடியிருந்த ஓர் இரயில்வே கேட்டின் அருகே, வேனிலேயே அவள் உயிர் பிரிந்தது. குழந்தை பிழைத்தது.

அன்று அவளிடம் முதலில் வந்து சேர்ந்தவன் நான். மருத்துவருக்கு முன்னே, ஊர்திக்கு முன்னே, இரத்தப் புட்டிக்கு முன்னே குருவானவர் வந்துவிட்டார். நோயில்பூசுதல் என்னும் அருளடையாளத்தின் மதிப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் எண்ணெய் வந்து சேர முடிந்த வீட்டுக்கு மருந்து வந்து சேர முடியவில்லையே என்ற வேதனை இன்றளவும் என்னை விட்டு நீங்கவில்லை.

சில வாரங்கள் கழித்து நான் அவ்வீட்டுக்கு ஆறுதல் கூறச் சென்றிருந்தேன். அப்போது ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரும் கிராம சுகாதாரச் செவிலியரும் வந்து திண்ணையில் அமர்ந்தார்கள். கையில் ஒரு படிவம். வலி எத்தனை மணிக்குக் கண்டது? குழந்தை எத்தனை மணிக்குப் பிறந்தது? வண்டி தேடியது எப்போது? வண்டி வந்தது எப்போது? மருத்துவமனை வாசலில் எத்தனை நேரம்? ஒவ்வொரு கேள்விக்கும் அந்தத் தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விடை சொன்னார். எனக்குச் சினம் வந்தது. "இறந்த பிறகு மணி கேட்டு என்ன பயன்?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அந்தச் செவிலியர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "யாரையும் குத்தம் சொல்ல வரல சாமி. அடுத்த ஒண்ணு இப்படிப் போயிடக் கூடாதுன்னுதான் கேக்கறோம்."

அந்தக் கேள்விகளின் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

இரக்கத்தின் ஊர்தி

காயமுற்றவரை வழியில் கண்டு நின்றவரின் கதை நம் அனைவருக்கும் தெரியும். லூக்கா நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தை மறையுரையில் விளக்காத குரு இல்லை. ஆனால் நாம் பெரும்பாலும் சமாரியரின் இரக்கத்தோடு நின்றுவிடுகிறோம். அவர் செய்தவற்றை வரிசைப்படுத்திப் பாருங்கள். காயத்தைக் கட்டினார்: அது முதலுதவி. தம் விலங்கின் மேல் ஏற்றினார்: அது ஊர்தி. சத்திரத்துக்குக் கொண்டுசென்றார்: அது மருத்துவமனை. செலவுக்குப் பணம் கொடுத்து, மேலும் ஆனால் திரும்பி வந்து தருவதாகச் சொன்னார்: அது சிகிச்சைக்கான நிதி. அன்று அந்தச் சாலையில் இந்த நான்கும் ஒருசேர அமைந்ததால்தான் அம்மனிதர் பிழைத்தார். இந்த நான்கையும் ஒரு தனிமனிதரின் வரவைச் சாராமல், எந்த வழிப்போக்கருக்கும் எந்த நாளிலும் கிடைக்கச் செய்ய மனித குலத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் தேவைப்பட்டன.

இவற்றுள் சத்திரம் முதலில் வளர்ந்தது. எருசலேமில் நோயுற்ற திருப்பயணிகளைப் பேணிய புனித யோவான் சபையாருக்கு 1113-இல் திருத்தந்தை இரண்டாம் பாஸ்கால் ஏற்பளித்தார். நம் சென்னையில் 1664-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நோயுற்ற படைவீரர்களுக்கென்று தொடங்கிய சிறு மருத்துவமனையே இன்றைய அரசுப் பொது மருத்துவமனையின் வித்து. ஊர்தியோ மிகவும் பிந்தி வந்தது. 1792-ஐ ஒட்டி, பிரெஞ்சுப் படையின் அறுவை மருத்துவர் டொமினிக் ழான் லாரே, போர் முடியும்வரை காயமுற்றோர் களத்திலேயே கிடக்கும் கொடுமையைக் கண்டு, விரைந்தோடும் குதிரை வண்டிகளை அமைத்தார். 'ஆம்புலன்ஸ்' என்ற சொல்லுக்கு மூலம், 'நடத்தல்' என்று பொருள்படும் இலத்தீன் வினைச்சொல். நடந்து வரும் மருத்துவமனை என்பதே அச்சொல்லின் கருத்து. நோயாளி மருத்துவத்தை நோக்கிச் செல்வது போய், மருத்துவம் நோயாளியை நோக்கி நடக்கத் தொடங்கியது.

இந்த வரலாற்றில் தமிழருக்கும் இடம் உண்டு. 1899-இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டபோது காந்தியடிகள் திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர் இருந்தனர். அவர்களில் மிகப் பலர் நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகள். அவர்களிடையே தமிழ்த் தொழிலாளர் பலர். அவர்கள் காயமுற்றோரைத் தூக்குப் படுக்கையில் சுமந்து நாளொன்றுக்கு 20 மைலுக்கு மேலும் நடந்தார்கள். அவர்களுடைய தோள்களே அங்கு ஊர்தி.

சென்னை நகரமும் ஒரு பெருமகனைக் கண்டது. அரசுப் பொது மருத்துவமனையின் முன் நிற்கும் சிலையைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவர் அறுவை மருத்துவர் எஸ். ரங்காச்சாரி (1882–1934). தொலைவூர்களில் கிடந்த நோயாளிகளைச் சென்று காண்பதற்காகவே அவர் சொந்தத்தில் ஒரு சிறு விமானம் வைத்திருந்தார் என்பது அக்காலத்துக்குப் பெரும் புதுமை. அவரை எண்ணும்போது மனம் நெகிழ்கிறது. அதே வேளையில் ஒரு கேள்வியும் எழுகிறது. அவர் மறைந்த மறுநாள், தொலைவூரில் கிடந்த நோயாளி யாரை நம்புவார்? ஒருவரின் பெருங்கருணை அவர் வாழும்வரைதான் வேலை செய்கிறது. அவர் உறங்கும்போது அதுவும் உறங்குகிறது. கருணை உறங்காமல் இருக்க வேண்டுமானால், அதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும்.

செல்வ நாடும் பிந்தியே கற்றது

இந்த உண்மையைச் செல்வ நாடுகளும் காலந்தாழ்ந்தே உணர்ந்தன. 1966-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணங்கள் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டு ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழ பாதியைச் சவ அடக்க நிறுவனத்தாரே நடத்திவந்தார்கள் என்ற செய்தி அதில் இருந்தது. படுக்க வைத்துக் கொண்டுசெல்லத் தக்க நீண்ட வண்டி அவர்களிடந்தான் இருந்தது. சிற்றூர்களில் வேறு வண்டியே இல்லை. பிணத்துக்காகச் செய்த வண்டி உயிருள்ளவரையும் சுமந்தது. உள்ளே மருத்துவம் அறிந்தவர் எவரும் இல்லை. நகரத் தெருவில் அடிபடுவதைக் காட்டிலும் போர்க்களத்தில் அடிபட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி என்று வியட்நாமிலிருந்து திரும்பிய வல்லுநர்கள் கூறியதையும் அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது.

அடுத்த ஆண்டே, 1967-இல், பிட்ஸ்பர்க் நகரில் 'பிரீடம் ஹவுஸ்' என்ற ஆம்புலன்ஸ் சேவை உருவாயிற்று. வேலை கொடுக்கத் தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட கறுப்பின இளைஞர்களைத் தேர்ந்து, மருத்துவர் பீட்டர் சாஃபர் வகுத்த பயிற்சியை அளித்து, ஊர்தியிலேயே உயிர் காக்கும் பணியைத் தொடங்கினார்கள். இன்று உலகெங்கும் ஊர்திக்குள் அமர்ந்திருக்கும் மருத்துவ உதவியாளர்களின் முன்னோடிகளில் இவர்கள் முக்கியமானவர்கள். 1975-இல் நகர நிர்வாகம் அச்சேவையைத் தனதாக்கிக்கொண்டபோது, அதை உருவாக்கியவர்களில் பலர் மெல்ல மெல்ல வெளியேற்றப்பட்டனர். வீடுகட்டுவோர் புறக்கணித்த கல்லே மூலைக்கல் ஆவதும், பின்னர் மீண்டும் புறக்கணிக்கப்படுவதும் உலக வழக்கம் போலும்!

வாசலில் நின்ற சட்டம்

நம் நாட்டிலோ ஊர்தியின்மை ஒரு பக்கம், அச்சம் மறுபக்கம். சாலையில் அடிபட்டவரைத் தூக்கினால் காவல் நிலையம், சாட்சி, வாய்தா என்று அலைய வேண்டிவரும் என்ற அச்சத்தால் நல்லவர்களும் விலகிச் சென்றார்கள். அந்த உவமையில் முதலில் விலகிச் சென்றவர் ஒரு குரு என்பதை நான் மறப்பதில்லை. அவர் கல் நெஞ்சர் என்று நற்செய்தி கூறவில்லை. அவருக்கும் ஏதோ ஒரு சட்டத்தின் அச்சம் இருந்திருக்கலாம்.

நம் மருத்துவமனைகளும் அவ்வாறே விலகின. ஸ்கூட்டரில் சென்ற ஒருவர் கார் மோதிக் காயமுற்றார். கொண்டுசென்ற மருத்துவமனை, வழக்குத் தொடர்பான காயங்களைக் கவனிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று 20 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பியது. வழியிலேயே அவர் இறந்தார். நாளிதழில் வந்த இச்செய்தியை முன்வைத்துத் தொடுக்கப்பட்ட பரமானந்த் கட்டாரா வழக்கில், 1989-இல் உச்ச நீதிமன்றம், உயிரைக் காப்பதே எந்த மருத்துவருக்கும் முதற்கடமை. காவல் துறையின் நடைமுறைகள் அதற்குப் பின்னரே என்று தீர்ப்பளித்தது. 1996-இல் மேற்கு வங்கத்து வேளாண் தொழிலாளர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், இரயிலிலிருந்து விழுந்தவரைப் படுக்கை இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பியது, உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று அதே நீதிமன்றம் கூறியது.

சத்திரத்தின் கதவு இவ்வாறு திறக்கப்பட்டது. வழிப்போக்கருக்குக் காவல் கிடைக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. உதவி செய்பவரைத் தொல்லைப்படுத்தலாகாது என்ற நெறிமுறைகளுக்கு 2016-ஆம் ஆண்டு மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் சட்டத்தின் வலிமையை அளித்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 134-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உதவி செய்தவர் தம் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அச்சட்டம் அவரை அழைக்கும் பெயர் என்ன தெரியுமா? 'நல்ல சமாரியர்'. பல சமயத்தார் வாழும் நாட்டின் சட்டப் புத்தகத்தில், நற்செய்தியிலும் பெயர் சொல்லப்படாத அந்த வேற்றினத்தார் இடம்பெற்றுவிட்டார்.

மணிகளைக் கேட்டவர்கள்

இனி, அந்தத் திண்ணைக்குத் திரும்புவோம். பேறுகாலத்தில் இறக்கும் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் விசாரித்து எழுதும் வழக்கத்தைத் தமிழ்நாட்டு சுகாதாரத் துறை 1990-களின் நடுவில் தொடங்கியிருந்தது. இந்தியாவில் இப்பணியில் முன்னே நின்ற மாநிலங்களுள் நம்முடையது ஒன்று. நான் சினந்துகொண்ட படிவம் அதைச் சேர்ந்ததே.

ஏறத்தாழ அதே காலத்தில், 1994-இல், செரீன் தாடியஸ், டெபோரா மெயின் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் பல நாடுகளின் அனுபவங்களைத் தொகுத்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தாய்மாரைக் கொல்வது நோய் மட்டுமன்று. மூன்று தாமதங்கள் என்றார்கள். மருத்துவ உதவி தேட முடிவு செய்வதில் தாமதம். மருத்துவமனையைச் சென்றடைவதில் தாமதம். சென்றடைந்த பின் தக்க சிகிச்சை பெறுவதில் தாமதம். அதைப் படித்த நாளில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தி முதல் ஒன்பது மணி வரை காத்திருந்தது முதல் தாமதம். அரிசி ஆலையின் வேன் இரண்டாவது. மருத்துவரும் இரத்தமும் இல்லாத மருத்துவமனை மூன்றாவது. யாரோ தொலைவில் அமர்ந்து அந்த ஓரிரவின் கதையை எழுதியதுபோல் இருந்தது.

திண்ணைகளில் கேட்கப்பட்ட மணிகள் வீண் போகவில்லை. எந்த நேரமும் அறுவை சிகிச்சையும் இரத்தமும் கிடைக்கும் மகப்பேறு மையங்களை 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் ஏற்படுத்தத் தொடங்கினர். ஊர்திக்கும் வழி தேடினர். உலக வங்கியின் உதவி பெற்ற தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின்கீழ் தேனி மாவட்டத்தில் ஒரு சோதனை முயற்சி நடந்தது. அரசு ஊர்திகளை மட்டும் வழங்கியது. 'சேவா நிலையம்' என்ற தொண்டு நிறுவனம் ஓட்டுநர்களை அமர்த்தி, பயிற்சி அளித்து, ஊர்திகளைப் பராமரித்து நடத்தியது. பயன்படுத்துவோர் தரும் கட்டணத்தைக் கொண்டே செலவைச் சரிக்கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. நோக்கம் நன்று. ஆனால் நள்ளிரவில் கையில் காசில்லாத கூலித் தொழிலாளி எந்த எண்ணை அழைப்பார்? சமாரியர் அடிபட்டவரிடம் கூலி கேட்கவில்லை என்பதை நினைவுகூர்வோம்.

2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று ஆந்திராவில், ஐதராபாத்தை மையமாகக் கொண்டு 108 சேவை தொடங்கியது. 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், அது தமிழ்நாட்டுக்கு வந்தது. அழைப்புக்கும் கட்டணமில்லை, பயணத்துக்கும் கட்டணமில்லை. ஊர்தியில் ஓட்டுநரோடு பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் இருப்பார். உயிர்வளி, இரத்தக் கசிவை நிறுத்தும் கட்டு, பேறு பார்க்கும் கருவிகள் எல்லாம் உடன் வரும். இச்சேவையைத் தொடங்கிய நிறுவனத் தலைவரே, 2009 ஜனவரியில், தம் வணிக நிறுவனத்தின் கணக்குகளைப் பொய்யாக எழுதியதாக ஒப்புக்கொண்டு வீழ்ந்தார் என்பதும் வரலாறு. கோதுமையும் களையும் ஒரே வயலில் வளர்கின்றன. ஆயினும் ஊர்திகள் நிற்கவில்லை. வேறொரு நிறுவனம் பொறுப்பேற்றது. நற்பணி ஒரு மனிதரைச் சாராமல் ஓர் ஏற்பாடாக மாறியிருந்ததால் அது பிழைத்தது.

நம் மாநிலத்தில் பேறுகாலத் தாய்மார் இறப்பு, ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2001–03-இல் 134 ஆக இருந்தது. 2018–20-இல் அது 54. இந்த மாற்றத்துக்கு ஊர்தி ஒன்றே காரணமன்று. செவிலியர், இரத்த வங்கி, சாலை, பெண்கல்வி எனப் பலவும் சேர்ந்தே இதைச் செய்தன. ஆனால் இவற்றுள் எது எங்கே குறைகிறது என்று காட்டியது திண்ணையில் கேட்ட அந்தக் கேள்விதான்.

நெஞ்சுவலிக்கும் ஒரு சத்திரம்

கேட்டு எழுதும் இந்த வழக்கம் மாரடைப்புக்கும் பரவியது. சிற்றூரில் நெஞ்சுவலி கண்டவர், இதயக் குழாயின் அடைப்பை நீக்கும் வசதியுள்ள பெருநகர மருத்துவமனையை உரிய நேரத்தில் அடைவது அரிது. கோவை மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை மருத்துவர் அஜித் முல்லசாரி ஆகியோரும் உடன் உழைத்தோரும், 2012 முதல் 2014 வரை, நான்கு பெரிய மருத்துவமனைகளை மையங்களாகவும் சுற்றியிருந்த சிறு மருத்துவமனைகளைக் கிளைகளாகவும் இணைத்து ஓர் ஆய்வு நடத்தினர். கிளையில் இதய மின்பதிவு எடுத்து உடனே மருந்து செலுத்துவது, பின் ஆம்புலன்சில் மையத்துக்கு மாற்றுவது என்பது முறை. 2,420 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓராண்டுக்குள் இறந்தோர், இந்த ஏற்பாட்டுக்கு முன் நூற்றுக்கு 17.6; பின்னர் 14.2. மருத்துவமனையில் இருந்த நாள்களின் இறப்பு விகிதம் பெரிதாக மாறவில்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். இத்தகைய நேர்மை எனக்கு ஆறுதல் தருகிறது. குறையை ஒப்புக்கொள்ளாமல் திருந்த முடியாது என்பது ஒப்புரவு அருளடையாளம் நமக்குக் கற்பிக்கும் உண்மையன்றோ?

பின்னர் அரசு, விபத்து மற்றும் அவசர சிகிச்சைக்கெனத் தனித் திட்டம் வகுத்து, மருத்துவமனை வாசலிலேயே நோயாளியின் நிலையைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துக் கவனிக்கும் முறையைப் பரப்பியது. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கப்பட்டது. நம் மாநில எல்லைக்குள் சாலையில் அடிபடும் எவருக்கும், அவர் எந்த ஊரார், எந்த நாட்டார் என்று கேளாமல், முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. தொடக்கத்தில் இதற்கு வரம்பு ஒருவருக்கு 1 இலட்சம் ரூபாய். சத்திரக்காரரிடம் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனவரின் செயல் இன்று ஓர் அரசின் வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற்றுவிட்டது.

இன்னும் கேட்க வேண்டியவை

இத்துடன் கதை முடிந்ததா? இல்லை. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நிகழ்ந்தன; 17,884 பேர் இறந்தனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 49 உயிர்கள். ஊர்தி விரைந்து வந்தாலும் ஊர்திக்கு வழிவிட மனம் வர வேண்டும். பண்டிகை நாளில் உஸ்மான் சாலையிலும், மாலை நேரத்தில் லஸ் முனையிலும், அபயக் குரல் எழுப்பியபடி நகர முடியாமல் நிற்கும் ஊர்தியை நாம் பார்க்கிறோம். வழிவிட்ட இடைவெளியில் தம் வண்டியை நுழைத்து ஊர்தியின் பின்னாலேயே விரைவோரையும் பார்க்கிறோம். முதல் தாமதம் வீட்டில், மூன்றாவது மருத்துவமனையில். இரண்டாவது தாமதத்தில் நமக்கும் பங்கு இருக்கிறது.

ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி அன்னை திருத்தலத்துக்கு மக்கள் காவி உடையில் நடந்து வருகிறார்கள். விழாவுக்குப் பந்தலும் விளக்கும் அமைக்க நாம் எத்தனை கூட்டங்கள் நடத்துகிறோம்! மயங்கி விழுபவரைத் தூக்க வழி எது, ஊர்தி நிற்க இடம் எது, நின்றுபோன நெஞ்சை அழுத்தி மீட்கத் தெரிந்தவர் நம் இளையோர் குழுவில் யார் என்று பேசுவதற்கு ஒரு கூட்டமாவது வேண்டாமா? விழா முடிந்த பின், விழுந்தவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் உதவி எத்தனை மணித்துளியில் கிடைத்தது என்று எழுதி வைத்தால், அடுத்த ஆண்டின் விழா இன்னும் நல்ல விழாவாகும். இதற்குப் பெரும்பணம் தேவையில்லை. ஒரு குறிப்பேடும் அதில் உண்மையை எழுதும் துணிவும் போதும்.

இறந்தோருக்காக நாம் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். அது நம் கடமை. ஆனால் இறந்தவர் ஏன் இறந்தார் என்று கேட்டு, அதே காரணத்தால் இன்னொருவர் இறவாதபடி செய்வதும் இறந்தவருக்கு நாம் செலுத்தும் மரியாதையே. அந்தக் கேள்வியைப் பழி சுமத்துவதற்காகக் கேட்டால் எல்லாரும் வாய் மூடிக்கொள்வார்கள். அன்பினால் கேட்டால் உண்மை வெளிவரும். அந்தச் செவிலியருக்கு இது தெரிந்திருந்தது. குருத்துவக் கல்லூரியில் பல ஆண்டுகள் இறையியல் பயின்ற எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை.

பங்கின் இறப்புப் பதிவேட்டில் பெயர், வயது, இறந்த நாள், இறுதி அருளடையாளங்களைப் பெற்றாரா என்ற விவரம் எல்லாம் எழுதுகிறோம். செங்கல்பட்டுப் பக்கத்து அந்த ஊரின் பதிவேட்டில் அவள் பெயர் என் கையெழுத்தில் இருக்கிறது. நோயில்பூசுதல் பெற்றார் என்றும் எழுதியிருக்கிறேன். வண்டிக்காக எத்தனை மணி நேரம் காத்திருந்தார் என்று எழுத அதில் கட்டம் இல்லை. அதை எழுதியவர் அந்தச் செவிலியர்.